பல்லக்கா உடைத்த பாலம்

அவளைப் பல்லக்கா என்று கூப்பிட்டவர்கள் மொத்தம் மூன்றே பேர். அந்த மூவரில் ஒருவரைத்தான் அவள் நேரில் பார்த்திருந்தாள். மற்ற இருவரும் காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் வரும் வெறும் குரல்கள். ஆனாலும் கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததையெல்லாம் அந்தக் குரல்களிடம் சொல்லியிருக்கிறாள்.

பல் செய்வது அவள் தொழில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை எடுத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி பல்செட்டோ கேப்போ பிரிட்ஜோ செய்து கொடுக்க வேண்டும். விழுந்துபோன பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பற்களைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு புதுப் பல்லை நிறுத்துவதற்குத்தான் பிரிட்ஜ் என்று பெயர். இருபத்து நான்கு வருடமாக அதே லேப், அதே மேசை, அதே ஜன்னல். ஜன்னல் முக்கியம். பல்லின் நிறத்தை டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பாள். "சிரிச்சா தெரியக்கூடாது. தெரிஞ்சா அப்புறம் சிரிக்க மாட்டாங்க" என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் தவறாமல் சொல்கிற வாசகம்.

பேச்சு அவளுக்கு மூச்சு மாதிரி. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் இறங்குவதற்குள் அவர்களுடைய குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். அவள் கணவர் குடிநீர் பம்ப் நிலையத்தில் அரசாங்க வேலையில் இருந்தார். அளந்து பேசுகிற மனிதர். "ஊர் வாயையெல்லாம் சரி பண்றே, உன் வாய்க்குத்தான் ஒரு மூடி செய்யத் தெரியல" என்று சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. இரண்டு முறை தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

விளையாட்டுக்குள் அவள் வந்தது தற்செயலாக. மதியம் இரண்டு மணிக்கு லேபில் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். பீங்கான் பல் உலையில் வேகும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் எப்போதும் இவள்தான். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒருநாள் லேப் கம்ப்யூட்டரில் அந்தக் கப்பல் விளையாட்டைத் திறந்தாள். கடல், தீவுகள், தீவுகளை இணைக்கும் பாலங்கள். நான்கு பேர் ஒரு கூட்டமாகச் சேர்ந்து கப்பல் ஓட்டி, சரக்கு ஏற்றி, எதிர்க்கூட்டத்தின் பாலத்தை உடைத்துத் தீவைப் பிடிக்க வேண்டும். பேசிக்கொண்டே ஆடலாம் என்று தெரிந்த அன்றைக்கே அவள் விழுந்துவிட்டாள்.

அவள் கூட்டத்தில் சேர்ந்த முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். காலை டிரிப் முடித்து மாலை டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிப்போவில் உட்கார்ந்து ஆடுவார். கரை வந்தால் கப்பலைப் பஸ் மாதிரியே சடாரென்று நிறுத்துவார் என்பதால் அவர் பிரேக் அண்ணன். இரண்டாவது ஒரு நர்ஸ், அவள் ஊசி. மூன்றாவது ஒரு பையன் குரல். குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பதாகவும் மதியம்தான் எழுந்திருப்பதாகவும் சொன்னான். எப்போது பார்த்தாலும் கொட்டாவி. அவனுக்குத் தூக்கம் என்று பெயர் வைத்ததே பல்லக்காதான்.

"டேய் தூக்கம், உன் கப்பல் பாறைல மோதுது பாரு!"

"எங்கக்கா? ஐயோ. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கிட்டேன் போல."

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. பிரேக் அண்ணனின் மாமியாருக்குப் பல்செட் சரியாகப் பொருந்தவில்லை என்று கேள்விப்பட்டு, "நம்ம லேபுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கிறேன்" என்றாள். வந்தார்கள். அண்ணன் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. மாமியாருக்குப் புதுசாகச் செய்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, டீ குடித்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில் பிரேக் அண்ணனின் ஐந்து வயது மகளும் இருந்தாள்.

மாசி மாத மழை மாதிரி எதிர்பாராமல், ஒருமுறை தூக்கம் இரண்டு வாரம் வரவில்லை. வந்தபோது குரல் கம்மியிருந்தது. "அம்மா போயிட்டாங்கக்கா" என்றான். அன்றைக்கு யாரும் ஆடவில்லை. நான்கு கப்பலையும் நடுக்கடலில் நிறுத்தி, பாயை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா இருந்தார்கள். ஊசி அழுதாள். பிரேக் அண்ணன், "சாப்பிட்டியாடா தம்பி?" என்று மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டார்.

அதற்குப் பிறகு பல்லக்கா தூக்கத்திடம் தனியாகவும் பேச ஆரம்பித்தாள். அம்மா இல்லாத பிள்ளை என்று மனசு இளகிவிட்டது. தங்காமல் போன இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். பத்தொன்பது வயதில் படியில் விழுந்து முன்பல் உடைந்ததையும், அதற்குப் பதில் தானே ஒரு பல் செய்து வைத்துக்கொண்டதையும் சொன்னாள். அது கணவருக்கே தெரியாது. "உன்கிட்ட மட்டும்தான்டா சொல்றேன். என் கைவேலைக்கு அதுதான் பரீட்சை. இத்தனை வருஷத்துல ஒரு ஆள் கண்டுபிடிக்கல" என்று பெருமையாகச் சொன்னாள். அவன் நன்றாகக் கேட்பான். நடுவில் பேச மாட்டான். இப்படிக் கேட்கிற ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்த வருடம் பஸ் டிரைவர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பிரேக் அண்ணன் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். ஆடும்போது எப்போதாவது, "அடுத்த மாசம் வண்டியை எடுக்க மாட்டோம், பார்த்துக்கிட்டே இருங்க" என்பார். அதற்கு மேல் ஒன்றும் பேசியதில்லை. அதே சமயத்தில் அவர் மகளுக்குக் காலில் ஒரு ஆபரேஷன் நடந்தது.

தூக்கம் தனியாக வந்து சொன்னான். "அக்கா, அண்ணன் பொண்ணுக்கு ஒரு பொம்மை அனுப்பலாம்னு பார்க்கிறேன். அட்ரஸ் தெரியாது. அண்ணன்கிட்ட கேட்டா வேணாம்பாரு. அவரோட முழுப் பேரும் வேணும், பார்சல்ல எழுதணும்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே பல்லக்கா எல்லாவற்றையும் சொன்னாள். முழுப் பெயர், தெரு, வீட்டு எண், மாடிக்குப் போகிற வெளிப்படி, கீழே சிவப்பு கேட். பொம்மையும் போய்ச் சேர்ந்தது. பிரேக் அண்ணன் மறுநாள் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்.

வேலைநிறுத்தத்துக்கு நான்கு நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு, இரண்டு பேர் லேபுக்கு வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். "ஒரு சின்ன விசாரணை. வந்துட்டுப் போயிடலாம்." அவள் கையில் மாவு காய்ந்திருந்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம், அங்கே தண்ணீர் இருக்கிறது என்றார்கள்.

போலீஸ் அலுவலகத்தின் மாடியில் ஓர் அறை. மேசை, இரண்டு நாற்காலி, போன வருடக் காலண்டர். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு இவள் வயதுதான் இருக்கும். சங்கிலி கோத்த கண்ணாடி போட்டிருந்தாள். முன்னால் தடிமனாக ஒரு ஃபைல்.

"'வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வடக்குப் பாலத்தை உடைக்கிறோம். ஒருத்தரும் லேட்டா வரக்கூடாது.' இது நீங்க பேசினதுதானே?"

"ஆமா மேடம். அது விளையாட்டு."

"எது விளையாட்டு?"

"பாலம். அந்தப் பாலம் விளையாட்டுக்குள்ள இருக்கு."

ஊருக்கு வடக்கேயும் ஒரு பாலம் இருந்தது. எந்த ஊருக்குத்தான் இல்லை. அதிகாரி பக்கத்தைப் புரட்டினாள்.

"'திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு பிரிட்ஜை முடிச்சாகணும், நினைச்சாலே கை நடுங்குது.' இதுவும் விளையாட்டா?"

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல மேடம், இது நிஜம்" என்றாள். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவசர அவசரமாக விளக்கினாள். பிரிட்ஜ் என்றால் என்ன, எத்தனை பல்லுக்கு, மேல் வரிசையா கீழ் வரிசையா. அதிகாரி எழுதிக்கொண்டாள். மூன்று வருடப் பேச்சும் அந்த ஃபைலில் இருந்தது. கேலி, கிண்டல், எதிர்க்கூட்டத்தை அவள் திட்டிய திட்டு, எல்லாவற்றுக்கும் தேதி, நேரம். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இன்னொருத்தி உணர்ச்சியே இல்லாமல் வாசிக்கக் கேட்டபோது, தான் யாரோ ஒரு பயங்கரமான பெண் என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியது.

மாலை ஐந்து மணிக்குப் போகலாம் என்றார்கள். எழுந்து நின்றவளை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"அந்த முன்பல்லும் நீங்களே செஞ்சதுதானாமே? நல்லா இருக்கு. சொன்னாத்தான் தெரியுது."

பாராட்டாகத்தான் சொன்னாள். பல்லக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் நான்கு படி இறங்கிய பிறகுதான் அது உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் சொன்ன விஷயம்.

அடுத்த படியில் கால் வைப்பதற்குள் சிவப்பு கேட் நினைவுக்கு வந்தது. தெருவில் இறங்கி பிரேக் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் மனைவிதான் எடுத்தாள். அண்ணனை விடியற்காலையிலேயே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். வெளிப்படியில் நேராக மேலே ஏறி வந்தார்களாம், யாரிடமும் வழி கேட்கவில்லையாம்.

"உங்களையும் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"ஆமாம்மா. இப்பத்தான் விட்டாங்க."

"உங்களை விட்டுட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஊசியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'அண்ணன் வீட்டுக்குப் போனவங்க நீங்க மட்டும்தான் அக்கா. நான் உங்களை என்னவோன்னு நினைச்சேன்.' பதில் எழுதுவதற்குள் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. தூக்கத்தின் பெயர் விளையாட்டிலேயே இல்லை. மூன்று வருடம் இருந்த ஆள் இருந்த தடமே தெரியாமல் துடைத்த மாதிரி இருந்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பல்லைப் பற்றியும் சொன்னாள். அவர் வெகுநேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"நீங்க கேட்கவே இல்லையே."

"அவன் கேட்டானா?"

"அவனுக்குக் கேட்கறதுதான் வேலைங்க. எனக்கு அது தெரியல." சொல்லும்போதே உடைந்து அழுதாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "முகம் தெரியாதவன். அடிக்கணும்னு தேடிப் போனாலும் யாரை அடிக்கறது?" என்றார்.

பிரேக் அண்ணன் வீட்டுக்கு அவள் போனாள். வெளிப்படியின் உச்சியில் அவர் மனைவி வழியை மறித்து நின்றாள். பல்லக்கா கீழ்ப்படியில் நின்றே சொன்னாள்: அட்ரஸைக் கொடுத்தது நான்தான், பொம்மைக்கு என்று கேட்டான், கொடுத்தேன். மனைவி கேட்டுக்கொண்டாள். முகம் மாறவில்லை. "அது எனக்கு அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. பொம்மையைக் குழந்தை கையிலிருந்து வாங்கி எறிஞ்சுட்டேன். ஏன்னு கேட்டு ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கா. உள்ளே வராதீங்க" என்றாள்.

ஆனால் வக்கீலின் விலாசத்தைக் கொடுத்தாள். வக்கீல் சின்ன வயதுப் பெண். பாலத்தை உடைக்கச் சதி செய்ததாக வழக்கு, அவர்கள் குறி சங்கத்தின் மேல்தான், ஒலிப்பதிவுதான் முக்கியச் சாட்சி, அந்தக் குரல் உங்களுடையது, நீங்கள் கோர்ட்டுக்கு வந்து சொன்னால் வழக்கு நிலைக்காது என்றாள். "ஆனா ஒண்ணு. சொன்னீங்கன்னா உங்க பேரும் ரெக்கார்டுல ஏறும். உங்க வீட்டுக்காரர் அரசாங்க வேலைல இருக்கார், யோசிச்சுக்கங்க."

யோசித்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள் மதியம், லேபில் உலை வெந்துகொண்டிருக்கும்போது, போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா."

அவள் கையில் இருந்த தூரிகை கீழே விழுந்தது. கொட்டாவி இல்லாத குரல். ஆனால் அவன்தான்.

"அக்கா, கோர்ட்டுக்குப் போகாதீங்க. அங்க சாட்சி சொன்னா உங்க வீட்டு சாருக்குத்தான் பிரச்சினை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்ப போன் பண்றது கூட நான் செய்யக்கூடாத வேலை."

இது அக்கறையா, இல்லை இதுவும் யாரோ சொல்லிச் செய்கிற வேலையா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூன்று வருடம் கேட்ட குரல். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறத்தில் அரைப் பங்கு வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கிறவளுக்கு, ஒரு மனுஷன் பேச்சில் உண்மை எது பொய் எது என்று தெரியவில்லை.

"உன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

"அது வேணாங்கக்கா."

"சரி, அதை விடு. உங்கம்மா."

"அக்கா..."

"உங்கம்மா செத்தாங்கன்னு சொன்னியே. நாங்க அழுதோமே. அது நிஜமா?"

உலை முள் நகரும் சத்தம் கேட்டது. அவன் மெதுவாகச் சொன்னான்: "அம்மா நல்லா இருக்காங்கக்கா."

பல்லக்கா போனை மேசைமேல் வைத்தாள். அணைக்கக்கூட இல்லை. அதற்குள்ளிருந்து, "அக்கா, நான் பேசினது எல்லாமே பொய் இல்லக்கா, கேளுங்க" என்று அந்தக் குரல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தது. அவள் உலையைத் திறந்து பல்லை எடுத்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்தாள். திரும்பி வந்தபோது குரல் நின்றிருந்தது.

அன்று மாலை கணவரிடம், "நான் போகப் போறேங்க" என்றாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "போகாம இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்ன வார்த்தை புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லேபில் ஒவ்வொரு நோயாளியின் மாவுத் தாடையையும் தேதி எழுதிப் பெட்டியில் ஒரு வருடம் வைத்திருப்பது வழக்கம். அன்றைக்குத் திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டியிருந்த அந்த இரண்டு பிரிட்ஜுக்கான தாடைகளையும் தேடி எடுத்து, பஞ்சு சுற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனாள். சாட்சிக் கூண்டில் நின்று, கணீரென்று பேசினாள். வெள்ளிக்கிழமை உடைத்த பாலம் எந்தத் தீவில் இருக்கிறது, அதை உடைத்ததில் தங்களுக்கு எத்தனை மூட்டைச் சரக்கு கிடைத்தது என்று சொன்னாள். பிறகு தாடைகளை நீதிபதியின் மேசையில் வைத்தாள்.

"அந்த ரெண்டு பிரிட்ஜும் இதுதாங்க ஐயா."

நீதிபதி ஒன்றைக் கையில் எடுத்து, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். தன் நாக்கால் தன் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. அரசாங்க வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். இந்தக் குரலைப் பதிவு செய்தவர் யார், அவரைக் கூப்பிட முடியுமா என்று நீதிபதி கேட்டார். முடியாது, அது ரகசியம் என்றார் அரசாங்க வக்கீல். அப்படியானால் பல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்றார் நீதிபதி.

ஐந்தாவது மாதம் பிரேக் அண்ணன் வெளியே வந்தார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சரக்கு வேன் ஓட்டப் போனார். விடுதலையான அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் அவர் பல்லக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். இன்னும் ஒல்லியாகியிருந்தார். சட்டைப் பையில் பேனா இல்லை.

"நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"அண்ணே..."

"தெரியும். ஆனா உங்க குரலைக் கேட்டா அங்க உள்ளே உக்கார வச்சு எனக்குப் போட்டுக் காட்டினதுதான் ஞாபகம் வருது. நாள் முழுக்கப் போட்டாங்க. நீங்க சிரிக்கறது, நான் சிரிக்கறது. என்னால முடியலம்மா. மன்னிச்சுக்கங்க."

அவர்தான் மன்னிப்புக் கேட்டார். அதைவிட அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் படியிறங்கிப் போய், வெளியே காத்திருந்த மனைவியோடு சேர்ந்து நடந்தார். மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பஸ்ஸில் நான்கு மணி நேரம் தள்ளி, மேட்டில் ஒரு பம்ப் நிலையம். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அங்கே ஒற்றை அறை, ஒரு அடுப்பு. சனிக்கிழமை மதியம் லேபைப் பூட்டிவிட்டுப் பல்லக்கா அங்கே போவாள், ஞாயிறு மாலை திரும்புவாள். அவளை இப்போது அந்தப் பெயரில் கூப்பிட யாரும் இல்லை.

போன சனிக்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல கலகலப்பான ஆள். ஏறின உடனே பேச ஆரம்பித்துவிட்டாள். மகளின் பிரசவத்துக்காகப் போகிறாளாம், மருமகன் தங்கமானவனாம், சம்பந்தியம்மாளுக்கு மட்டும் வாய் நீளமாம். பல்லக்கா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"நானே பேசிட்டு வரேன். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பல்லக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல முகம்தான். மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை.

"வேலைக்கெல்லாம் போகலைங்க" என்றாள். "சும்மா வீட்டுலதான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் இரண்டரை மணி நேரம் போக வேண்டியிருந்தது.